சரக்கு லாரியும் ஓட்டுநர் குடும்பமும்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், லாரி ஓட்டுநர்களின் வீடுகளில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். "அப்பா, இந்தத் தடவை எங்களையும் அழைத்துக்கொண்டு போங்களேன்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்பது பிள்ளைகள், ஏங்குவதோ தந்தையின் நெஞ்சமுந்தான். மாதத்தில் பல இரவுகளைச் சாலையோரத்திலேயே கழிக்கும் அவருக்கு, மனைவி மக்களோடு இருக்கக் கிடைக்கும் நேரம் மிகவும் சொற்பம். அவர் ஓட்டும் லாரியிலோ பக்கத்தில் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது; பின்னால் ஒரு படுக்கையும் இருக்கிறது. பிறகென்ன தடை? "பெரிய வண்டிதானே! எது வந்து மோதினாலும் நமக்கு ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது? அதை அறிய வேண்டுமானால், லாரியின் முன்பகுதியில் ஓட்டுநர் அமர்ந்திருக்கும் அந்தச் சிறு அறை எப்படி உருவாயிற்று, யாரை மனத்தில் கொண்டு உருவாயிற்று என்று நாம் பார்க்க வேண்டும். நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த வரலாற்றையே இன்று நாம் திரும்பிப் பார்க்கப் போகிறோம்.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. வண்டிக்காரர் சுமையோடு சுமையாகத் தம் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போனார். இரவானால் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டிக்கு அடியிலேயே படுத்து உறங்கினார். வண்டி குடை சாய்ந்தால் கை கால் முறியலாம். சில வேளைகளில் உயிரும் போகலாம். ஆயினும் அந்த வண்டியின் வேகம் மனிதன் நடக்கும் வேகந்தான். வேகம் குறைவாக இருந்தவரை, வேலை செய்யும் இடமும் குடும்பம் பயணம் செய்யும் இடமும் ஒன்றாக இருப்பதில் பெரிய கேடு விளையவில்லை.

எஞ்சின் வந்தது, நிலைமை மாறியது. 1896-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கோட்லீப் டைம்லர் உலகின் முதல் மோட்டார் லாரியை உருவாக்கினார். நான்கு குதிரைச் சக்தி கொண்ட அவ்வண்டி 1,500 கிலோகிராம் சுமையை ஏற்றிச் செல்லக் கூடியது. அதை வாங்கியது இலண்டனில் இருந்த ஒரு நிறுவனம். அந்த லாரியில் ஓட்டுநருக்கென்று அறை எதுவும் இல்லை. குதிரை வண்டியில் இருப்பது போலவே முன்னால் ஒரு திறந்த பலகை. அதன்மேல் அவர் அமர்ந்து ஓட்டினார். மழையும் வெயிலும் அவர்மீதே விழுந்தன. பின்னர் படிப்படியாகக் கூரை வந்தது, கண்ணாடி வந்தது, கதவு வந்தது. இவையெல்லாம் காற்றையும் மழையையும் தடுப்பதற்காக வந்தவை. மோதலைத் தடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்நாளில் யாருக்கும் தோன்றவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் சாலைகள் நீண்டன. லாரியின் பயணமும் நீண்டது. ஒரு நாளில் முடியும் வேலை பல நாள் வேலையாயிற்று. ஓட்டுநர் எங்கே உறங்குவது? அறையின் பின்சுவரை ஒட்டிக் குறுகலான ஒரு படுக்கையை அமைத்தார்கள். ஆள் நுழைவதே கடினமாக இருந்த அந்தப் படுக்கைகளுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் "சவப்பெட்டிப் படுக்கை" என்பதாகும். வேடிக்கையாக வைத்த பெயர்தான் என்றாலும் அதில் உண்மையும் இருந்தது.

தூக்கமில்லாமல் ஓட்டுவதால் நேரும் விபத்துகள் அரசாங்கத்தின் கவனத்தை ஈர்த்தன. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்கா மோட்டார் வண்டிப் போக்குவரத்துச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 1938-ஆம் ஆண்டில், ஓட்டுநர் ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டலாகாது என்று விதிக்கப்பட்டது. பின்னர் படுக்கைக்கும் அளவு வகுத்தார்கள். 1953-ஆம் ஆண்டுக்கு முன் பொருத்தப்பட்ட படுக்கை 18 அங்குல அகலம் இருந்தாலே போதும். அவ்வாண்டு தொடங்கி 21 அங்குலம் வேண்டும் என்றார்கள். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அது 24 அங்குலமாக உயர்ந்தது. எஞ்சின் புகையும் எண்ணெய்க் கசிவும் படுக்கைக்குள் வரக்கூடாது, படுத்திருப்பவர் அவசரத்தில் வெளியேற வழி இருக்க வேண்டும் என்பனவும் அவ்விதிகளில் அடங்கும்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 24 அங்குலம் என்பது இரண்டடி. இரண்டடி அகலத்தில் ஒருவர்தான் படுக்க முடியும். அதாவது, சட்டம் எண்ணிப் பார்த்தது ஓர் ஓட்டுநரின் உறக்கத்தைத்தான். அவருடைய மனைவியோ குழந்தையோ அங்கே படுப்பார்கள் என்று அளவு வகுத்தவர்கள் கருதவில்லை.

படுக்கை வந்த பிறகு இன்னொரு கேள்வி பிறந்தது. இரண்டு ஓட்டுநர்கள் ஒரே லாரியில் செல்கிறார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் படுத்து உறங்குகிறார். அப்போது வண்டி எதிலாவது மோதினால், படுத்திருப்பவர் என்ன ஆவார்? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி திடீரென்று நின்றுவிட்டால், உள்ளே எந்தக் கட்டும் இல்லாமல் இருப்பவரின் உடல் அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே பாயும். கணக்கிட்டுப் பார்த்தால், இது 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். இதை உணர்ந்த அமெரிக்க அரசாங்கம், 1971-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்குப் பின் தயாரிக்கப்படும் லாரிகளில், படுத்திருப்பவர் தூக்கி எறியப்படாமல் தடுக்கும் ஏற்பாடு இருந்தே தீரவேண்டும் என்று விதித்தது. அந்த ஏற்பாடு 6,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,700 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையைத் தாங்க வேண்டும். ஒரு மனித உடலைத் தடுத்து நிறுத்த இத்தனை வலிமை தேவையென்றால், மோதலின் கடுமை எத்தகையது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இதுவரை லாரிக்கு உள்ளே இருப்பவரைப் பற்றிப் பேசினோம். லாரிக்கு வெளியே இருக்கும் குடும்பங்களையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1967-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், புகழ்பெற்ற திரைப்பட நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்டு சென்ற கார், முன்னால் போய்க்கொண்டிருந்த டிரெய்லர் லாரியின் பின்புறத்தில் மோதியது. கொசுமருந்துப் புகை சாலையை மறைத்திருந்தது. காரின் முன்பகுதி டிரெய்லரின் அடியில் புகுந்துவிட்டது. முன்னிருக்கையில் இருந்த மூன்று பெரியவர்களும் இறந்தார்கள். பின்னிருக்கையில் இருந்த அவருடைய மூன்று குழந்தைகளும் காயங்களோடு உயிர் பிழைத்தார்கள். டிரெய்லரின் பின்னால் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும் என்ற விதி 1953-ஆம் ஆண்டிலேயே இருந்தது. ஆனால் அக்கம்பி தரையிலிருந்து 30 அங்குல உயரத்தில் இருந்தாலே போதும் என்றது அவ்விதி. அதன் கீழே கார் எளிதில் நுழைந்துவிடும். அந்த உயரத்தை 22 அங்குலமாகக் குறைத்துக் கம்பியை வலுப்படுத்தும் விதி, 1998-ஆம் ஆண்டு ஜனவரி முதல்தான் புதிய டிரெய்லர்களுக்கு நடைமுறைக்கு வந்தது. 2022-ஆம் ஆண்டில் அது மீண்டும் கடுமையாக்கப்பட்டது.

லாரி விபத்துகளில் மிகுதியாக உயிரிழப்பவர்கள் வெளியே இருப்பவர்களே. அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டில் பெரிய லாரிகள் தொடர்பான விபத்துகளில் 5,788 பேர் மாண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் மற்ற வாகனங்களில் இருந்தவர்கள். லாரிகளுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர். "பெரிய வண்டி பாதுகாப்பானது" என்னும் நம்பிக்கைக்கு இதுவே காரணம். காரும் லாரியும் மோதினால் நசுங்குவது கார்தான். ஆனால், சாலையில் லாரி மோதக்கூடியது கார் மட்டுமா? இன்னொரு லாரி இருக்கிறது; பாலத்தூண் இருக்கிறது; பெரிய மரம் இருக்கிறது. வளைவில் தானாகவே கவிழ்ந்து போவதும் உண்டு. அப்போதெல்லாம் லாரியின் பெரிய உருவம் உள்ளே இருப்பவருக்குத் துணை நிற்பதில்லை. தன் முதுகில் ஏற்றிவந்த சுமையே முன்னோக்கித் தள்ளி வந்து, ஓட்டுநர் அறையை நெருக்கிவிடக்கூடும்.

இந்த உண்மையை முதலில் முறையாக ஆராய்ந்த நாடுகளில் ஸ்வீடன் குறிப்பிடத்தக்கது. 1960-ஆம் ஆண்டுகளில் அங்கே லாரி அறைகளுக்குக் கடுமையான சோதனை நடத்தினார்கள். அறையின் கூரைமேல் 15 டன் சுமையை வைத்தார்கள். ஒரு டன் எடையுள்ள இரும்புக் குண்டை ஊசல்போல் ஆட்டி, முன்கண்ணாடியைத் தாங்கும் தூணிலும் பின்சுவரிலும் மோதவிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் பிறகும் உள்ளே மனிதன் உயிரோடு இருக்க இடம் எஞ்சியிருக்கிறதா என்று அளந்தார்கள். வால்வோ நிறுவனம் 1969-ஆம் ஆண்டு முதல் தன் லாரிகள் சிக்கிய விபத்துகளை நேரில் சென்று ஆராய ஒரு குழுவையே அமைத்தது. 1974-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம், லாரி அறையின் வலிமைக்கென 29-ஆம் எண் ஒழுங்குவிதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முன்புறம், கூரை, பின்சுவர் ஆகிய மூன்றின் வலிமையைப் பற்றியும் அது பேசுகிறது.

ஆனால், இந்தச் சோதனைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த விதியின்படி, பெரிய லாரியின் முன்புறத்தில் ஊசல் மோதிய ஆற்றல் 45 கிலோஜூல். 2011-ஆம் ஆண்டின் திருத்தத்தில் அது 55 கிலோஜூலாயிற்று. 40 டன் எடையுள்ள லாரி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றலோ, இதைப்போல் ஏறத்தாழ 180 மடங்கு! சோதனையில் வெற்றி பெற்ற அறை, கவிழ்தலையும் மிதமான மோதலையும் தாங்கும். முழு வேகத்தில் அசையாத பொருளில் மோதுவதைத் தாங்கும் அறையை இன்றுவரை யாரும் கட்டவில்லை. மேலும், எஞ்சி நிற்க வேண்டிய இடத்தை அளப்பதற்கு, மனித உருவம் கொண்ட பொம்மையை இருக்கையில்தான் வைக்கிறார்கள். இருக்கையை விட்டு வேறிடத்தில் இருப்பவருக்கு அச்சோதனை எந்த உறுதியும் தரவில்லை.

வலிமையான அறை மட்டும் போதாது. அந்த அறைக்குள் மனிதனை நிலைநிறுத்தவும் வேண்டும். இதற்குத்தான் 'சீட் பெல்ட்' எனப்படும் இருக்கை வார் பயன்படுகிறது. மூன்று முனைகளில் பொருத்தப்படும் இருக்கை வாரை 1959-ஆம் ஆண்டில் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் பொலின் உருவாக்கினார். பிற கார் நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ள அந்நிறுவனம் இடமளித்தது, மனித குலத்துக்குச் செய்த பெரிய உதவி எனலாம். அமெரிக்காவில் லாரிகளுக்கும் வார் வந்தது. 1965-ஆம் ஆண்டு முதல் தயாரான லாரிகள் யாவற்றிலும், 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முடிவதற்குள், ஓட்டுநர் இருக்கைக்கும் வலப்புறத்துப் பக்கத்து இருக்கைக்கும் வார் பொருத்தியாக வேண்டும் என்று மத்திய அரசாங்கம் ஆணையிட்டது. ஓட்டுநர் அதை அணிந்தே ஓட்ட வேண்டும் என்றும் 1970-ஆம் ஆண்டுகளிலேயே விதி செய்யப்பட்டது.

விதி இருந்தது, பழக்கம் வரவில்லை. "கவிழ்ந்தால் குதித்துத் தப்பிவிடலாம், வார் நம்மைக் கட்டிப்போட்டுவிடும்" என்று எண்ணிய ஓட்டுநர்கள் பலர். உண்மை அதற்கு நேர்மாறானது. கவிழும் லாரியிலிருந்து வெளியே வீசப்படுபவர், அதே லாரியின் அடியில் சிக்கிக்கொள்ளும் அபாயம் பெரிது. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் எடுத்த கணக்கின்படி, வார் அணிந்த வணிக வாகன ஓட்டுநர்கள் நூற்றுக்கு 48 பேர்தான். தொடர்ந்து செய்த பிரசாரத்தினாலும் கண்காணிப்பினாலும் 2016-ஆம் ஆண்டில் அது 86 ஆக உயர்ந்தது.

சரி, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரின் கதை என்ன? அந்த இருக்கைக்கு 1972-ஆம் ஆண்டிலேயே வார் வந்துவிட்டது என்று கண்டோம். அதில் அமர்பவர் வார் அணிந்தே ஆகவேண்டும் என்ற மத்திய அரசாங்க விதி எப்போது வந்தது தெரியுமா? 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்! இடையில் 44 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. பல மாநிலங்களில் தனிச் சட்டங்கள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் நாடு முழுவதற்குமான லாரி விதிகளில், ஓட்டுநரின் மனைவியும் பிள்ளையும் அத்தனை காலம் கண்ணில் படாதவர்களாகவே இருந்திருக்கிறார்கள். சுமைக்கு விதி வந்தது, சாலைக்கு விதி வந்தது, ஓட்டுநருக்கு விதி வந்தது. பக்கத்தில் இருந்தவருக்குக் கடைசியில்தான் வந்தது.

அந்த 44 ஆண்டுகளில் குடும்பங்கள் லாரியில் ஏறாமல் இருந்தனவா என்றால், அதுவும் இல்லை. முன்பெல்லாம் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் லாரி, டிரெய்லர் இரண்டையும் சேர்த்து மொத்த நீளத்துக்கு வரம்பு இருந்தது. அறையை ஓர் அடி நீட்டினால் சரக்கில் ஓர் அடி குறையும். ஆகவே மூக்கு இல்லாத தட்டையான லாரிகளே பெருகின. 1982-ஆம் ஆண்டின் தரைவழிப் போக்குவரத்து உதவிச் சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்துக்கு வரம்பு விதிக்கலாகாது என்று மாநிலங்களைத் தடுத்துவிட்டது. அதன் பின்னர் நீண்ட மூக்கும் பெரிய படுக்கை அறையும் கொண்ட லாரிகள் பெருகின. கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டும் வழக்கமும் பரவியது. ஓட்டுநரல்லாத ஒருவரை ஏற்றிச் செல்ல வேண்டுமானால், நிறுவனத்தின் எழுத்து வடிவிலான அனுமதி தேவை. யார் பயணம் செய்கிறார், எங்கிருந்து எதுவரை, அனுமதி எந்த நாளோடு முடிகிறது என்பதெல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்விதியைச் சிலர் வெறும் தொல்லை என்று கருதலாம். விபத்து நேர்ந்த பிறகு, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் யார் என்று தெரியாமல் தவிப்பதைக் காட்டிலும் இந்தத் தொல்லை மேலானது அன்றோ?

சீனாவில் நிலைமை வேறு. அங்கே லாரி ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கடன்பட்டு வாங்கிய சொந்த லாரியை ஓட்டுபவர்கள். கூலிக்கு ஆள் வைக்க வருமானம் இடந்தராததால், மனைவியே துணையாளாக ஏறிக்கொள்கிறார். அத்தகைய பெண்களுக்குச் சீன மொழியில் 'கா சாவ்' என்றே ஒரு பெயர் வழங்குகிறது; 'லாரி அண்ணி' என்று நாம் அதைச் சொல்லலாம். 2018-ஆம் ஆண்டில் சீனச் சமூகவியல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இவர்களுடைய வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்தது. இவர்கள் உல்லாசப் பயணம் போகிறவர்கள் அல்லர். சரக்கைக் கணக்குப் பார்க்கிறார்கள், சமைக்கிறார்கள், கணவர் கண்ணயராதபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள், அவர் உறங்கும்போது டீசல் திருடர்கள் வராமல் காவல் இருக்கிறார்கள். வேலை இருவருடையது, ஊதியமோ ஒருவருடையது. குழந்தைகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறார்கள். லாரி அறையின் வலிமைக்குச் சீனா 2011-ஆம் ஆண்டில் தேசியத் தரம் வகுத்து, 2021-ஆம் ஆண்டில் அதைத் திருத்தியமைத்தது. எனினும் விபத்து என்று ஒன்று வந்தால், ஒரே நொடியில் தாய் தந்தை இருவரையும் இழக்கும் அபாயம் அக்குழந்தைகளுக்கு உண்டு. இதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

தமிழ்நாட்டில் லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் நாமக்கல். அங்கும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்து வந்தது. தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சட்டமும் மட்டுமே வரும். ஓட்டுநர் அறையை உள்ளூர்ப் பட்டறையில் மரத்தாலும் தகட்டாலும் கட்டிக்கொள்வார்கள். பார்க்க அழகாக வண்ணம் தீட்டியிருப்பார்கள். ஊசல் சோதனை எதற்கும் அந்த மர அறை உட்பட்டதில்லை. ஓட்டுநரின் உடல்நலத்தைக் கருதும் மாற்றங்கள் அண்மைக் காலத்தில்தான் வரத் தொடங்கின. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் அறைகளுக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று இந்திய அரசாங்கம் விதித்தது அவற்றுள் ஒன்று.

நம் மலேசியாவுக்கு வருவோம். லாரியில் ஓட்டுநருக்குத் துணையாகச் செல்பவரை மலாய் மொழியில் 'கெலின்டான்' என்பார்கள். பக்கத்து இருக்கை அவருக்கு உரியது. 1994-ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர், புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜோகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் தூரத்தை லாரிகள் இரவோடு இரவாகக் கடக்க முடிந்தது. கார்களில் முன்னிருக்கையினர் வார் அணியும் சட்டம் இந்நாட்டில் 1979-ஆம் ஆண்டில் வந்தது. பின்னிருக்கையினருக்கு 2009-ஆம் ஆண்டிலும், குழந்தைகளுக்கான தனி இருக்கைக்கு 2020-ஆம் ஆண்டிலும் சட்டம் வந்தது. இங்கும் அதே வரிசைதான்: முதலில் ஓட்டுபவர், பிறகு பின்னால் இருப்பவர், எல்லாருக்கும் கடைசியில் குழந்தை.

குழந்தையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டால் போதாதா என்று தாய்மார்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தை மடியில் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பத்தில் ஒரு பங்கு நொடியில் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் குழந்தை ஏறத்தாழ 140 கிலோகிராம் எடைபோல் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். எந்தத் தாயின் கைகளாலும் அதைத் தாங்க இயலாது. தாயன்புக்கு எல்லை இல்லை. தாயின் கை வலிமைக்கு எல்லை உண்டு.

ஐரோப்பா இந்தச் சிக்கலை வேறொரு கோணத்திலிருந்து அணுகியது. அங்கே ஓட்டுநர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், லாரியிலேயே குடியிருக்க நேர்ந்தது. வார ஓய்வையும் அந்தச் சிறு அறைக்குள்ளேயே கழித்தார்கள். முழு வார ஓய்வை லாரிக்குள் கழிக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, 45 மணி நேர வார ஓய்வுக்கு முறையான தங்குமிடம் வேண்டும், அதன் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்று உறுதிப்படுத்தியது. அதோடு நில்லாமல், நான்கு வாரங்களுக்கு ஒரு முறையேனும் ஓட்டுநர் வீடு திரும்பும் வகையில் வேலையை வகுக்க வேண்டும் என்றும் முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது. இவ்விதி எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்பது வேறு கேள்வி. ஆயினும், குடும்பத்தை லாரிக்கு வரவழைப்பதற்கு மாறாக, ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்லியிருப்பது இந்த நீண்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்க திருப்பம்.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? லாரியின் அறை ஓட்டுநர் ஒருவருக்காக, அவர் இருக்கையில் வார் அணிந்து அமர்ந்திருக்கிறார் என்ற கருத்தில் அமைக்கப்பட்டது. அந்தக் கருத்தை விட்டு எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவுக்கு அபாயம் கூடுகிறது. ஆகவே, குடும்பத்தை அழைத்துச் செல்ல விரும்பும் ஓட்டுநர் சில கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் அனுமதி இருக்கிறதா? ஏறுகிற ஒவ்வொருவருக்கும் தனி இருக்கையும் வாரும் உண்டா? குழந்தையின் உயரத்துக்கு அந்த வார் பொருந்துமா? வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில் கட்டின்றிப் படுக்காமல் இருப்பார்களா? இரவில் இரண்டடிப் படுக்கையைப் பங்கிட்டுக்கொண்டால், மறுநாள் ஓட்டுவதற்கு வேண்டிய உறக்கம் தமக்குக் கிடைக்குமா? இவற்றுள் ஒன்றுக்கேனும் "இல்லை" என்பது விடையானால், பிள்ளையை வீட்டில் விட்டுச் செல்வதே அன்பு.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். தந்தையோடு லாரியில் போகவேண்டும் என்று பிள்ளை அடம் பிடிப்பது லாரியின்மேல் உள்ள ஆசையால் மட்டுமன்று. தந்தையைப் பார்க்கக் கிடைக்காத ஏக்கத்தாலுந்தான். அந்த ஏக்கத்தைத் தீர்க்க வல்லது இருக்கை வாரன்று. முறையான விடுமுறையும், உழைப்புக்கேற்ற ஊதியமும், இத்தனை மணிக்குள் போய்ச் சேர் என்று விரட்டாத பயண ஏற்பாடுமே ஆகும். அறையை வலுவாக்க ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். ஓட்டுநரை வேளையோடு வீடு சேர்ப்பதற்கு ஊசல் சோதனை எதுவும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.